அசிரியப் பாடநூலை நாங்கள் படித்து முடித்த கதை

செங்கல்பட்டு யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கம்போசிங் எப்படிச் செய்வது, பக்கத்தை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். அதை உங்களுக்குக் கலைவாணி என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவாள். மென்பொருளைக் கேட்டுப் பதில் தெரிந்துகொள்ள முடியாத சில நாட்கள் இந்த வேலையில் வரும். அப்படி வந்த ஒரு டிசம்பர் மாதத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் யூனிட் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் செய்து தரும் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவம், சட்டம், பொறியியல் என்று வரும். எல்லாம் ஆங்கிலம். ஒருநாள் சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் போன் செய்தார். "ஒரு ஸ்கூல் புக் வந்திருக்கும்மா. அசிரிய மொழி. ரெண்டு பெரிய கம்பெனி முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

எனக்கு அசிரியர் என்றால் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் வந்த பழைய அரசர்கள்தான் ஞாபகம். அவர்கள் எல்லோரும் அந்தப் பாடத்தோடு முடிந்துபோனார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள், வீட்டில் அந்த மொழியைத்தான் பேசுகிறார்கள் என்று. ஈராக், ஈரான், சிரியா பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து உலகம் முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். சிட்னியில் அப்படி வாழும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் தாய்மொழி சொல்லித் தரும் ஒரு டீச்சர், நஹ்ரின் என்று பெயர், பல வருடம் வகுப்பில் கையால் எழுதி நகலெடுத்துக் கொடுத்த பாடங்களையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"நீங்க அதைப் படிக்க வேணாம்மா. எழுத்தை வெறும் உருவமா பாருங்க. பார்த்து அப்படியே டைப் பண்ணிட்டா போதும்," என்றார் மேனேஜர்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொன்னார். ஆனால் எனக்கு முதல் வேலையில் மேலாளராக இருந்த ஒரு அம்மா நினைவுக்கு வந்தார். அப்போது ஒரு தெலுங்குச் சிறுவர் நூல் வந்தது. எனக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. பார்த்துப் பார்த்து அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த அம்மா என் விசைப்பலகையைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெலுங்கு பேசும் ஒரு அண்ணனிடம் என்னை உட்கார வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். "உனக்கே சத்தம் கேக்காத பக்கத்த, படிக்கிற குழந்தைக்கு எப்படி கொடுப்ப?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் விளக்கவில்லை.

ஆகவே நஹ்ரினிடம் முதல் வீடியோ பேச்சிலேயே கேட்டேன். உங்கள் சனிக்கிழமை வகுப்பில் நாங்களும் உட்காரலாமா என்று. நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும், "எங்கள் பிள்ளைகளே வருவதில்லை. நீங்கள் வருகிறேன் என்கிறீர்களே," என்றார்.

அவருடைய மதியம் நம்முடைய காலை. அடுத்த சனிக்கிழமை காலையில் யூனிட்டின் பெரிய திரைக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்தோம். அச்சரப்பாக்கத்திலிருந்து வரும் கலைவாணி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பத்து யுவராஜ், இன்னும் அந்தப் புத்தகத்தில் வேலை செய்யப்போகிற எல்லோரும். திரையில் ஒரு சர்ச் ஹாலின் பின்னறை தெரிந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். பாதிப் பேர் மேசைக்கு அடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஷமீரான் என்ற பெண். ஆறாவது ஏழாவது படிக்கிற வயது. கையைக் கட்டிக்கொண்டு, இங்கே ஏன் வந்தோம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

நஹ்ரின் முதல் எழுத்தை எழுதினார். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனது.

"இன்னாக்கா இது, ரிவர்ஸ்ல வந்துகினு கீது," என்றாள் கலைவாணி.

யுவராஜ் தன் தாளில் இடமிருந்து ஆரம்பித்து எழுதி, கை இடித்து, கோணலாக முடித்துத் திரையில் தூக்கிக் காட்டினான். பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். ஷமீரான் முதலில் சிரித்தாள். பிறகு எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து, "அப்படி இல்லை, இங்கே பாருங்கள்," என்று எழுதிக் காட்டினாள். அவள் தானாக எழுந்து வந்து பலகையில் எழுதியது அதுதான் முதல் தடவை என்று நஹ்ரின் பிறகு எனக்கு எழுதினார்.

அதற்குப் பிறகு வகுப்பே மாறிப் போனது. நாங்கள் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே திருத்துவதற்கு ஒரு குழந்தை தயாராக இருந்தது. தொண்டையிலிருந்து வரும் ஒரு ஒலி யுவராஜுக்குக் கடைசிவரை வரவில்லை. பதிலுக்கு அவன் 'பழம்' என்று சொல்லச் சொல்லி அவர்களைத் திணறடித்தான். வகுப்புக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் சிலர், இந்தியாவிலிருந்து பெரியவர்கள் வந்து படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை.

அந்த மொழியில் இரண்டு எழுத்துக்கு ஒரே உருவம். புள்ளி கீழே இருந்தால் தாலத். 'த' மாதிரி, கொஞ்சம் அழுத்தி. புள்ளி மேலே இருந்தால் ரேஷ், 'ர'. இது எங்களுக்கு மனதில் நிற்கவேண்டும் என்று ஷமீரான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரேஷ் வந்தால் விரலைத் தலைமேல் வைப்பாள். தாலத் வந்தால் மோவாய்க்கட்டைக்குக் கீழே வைப்பாள். நாங்களும் வைத்தோம். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகும்போதுகூடக் கலைவாணி தலையில் விரலை வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போவாள்.

சில மாதங்களில் புத்தகம் வளர்ந்தது. ஒரே பாடத்தை இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்வார்கள். இரண்டையும் கணினி ஒப்பிடும். வித்தியாசம் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துத் திருத்துவோம். கடைசியில் ஒப்பீட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வந்தது. நஹ்ரினுக்கு ப்ரூஃப் போனது, அவரும் சரி என்று எழுதிவிட்டார். அச்சகத்தில் இயந்திரம் நமக்காக ஒதுக்கியாகிவிட்டது. ஜனவரிக் கடைசியில் அங்கே பள்ளி திறக்கும். அதற்குள் புத்தகம் போய்ச் சேர வேண்டும்.

டிசம்பரில், பைலை அனுப்ப வேண்டிய நாள் காலையில் கலைவாணி பக்கங்களைச் சும்மா புரட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"யக்கா, வாராவாரம் கிளாஸ் முடியசொல்ல பசங்க இன்னா சொல்லுவாங்க?"

"பசீமா ராபா. ரொம்ப நன்றி."

"இங்க 'பசீமா திப்பா'ன்னு கீது."

"திப்பான்னா?"

"கரடி. மிருகங்க பாடத்துல வருதே. நன்றி கரடியாம்."

யுவராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராபாவில் முதல் எழுத்து ரேஷ். அது தாலத் ஆகியிருக்கிறது. ஒரு இடத்தில் தப்பென்றால் ஒருவர் கைப்பிழை. ஆனால் இரண்டு பேர் தனித்தனியாக அடித்து, இரண்டிலும் அதே தப்பு இருக்கிறது. அப்படியானால் தப்பு டைப் செய்தவர்களிடம் இல்லை.

நஹ்ரின் அனுப்பிய படங்களை எடுத்துப் பார்த்தோம். நகலின் நகலாக எடுத்ததால் தாள் முழுக்கக் கருந்தூசியாக இருந்தது; எது தூசி, எது புள்ளி என்று எங்கள் கண்ணுக்கும் தெரியவில்லை. டைப் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று, நம்மிடம் வருவதற்கு முன்பே வேறொரு இடத்தில் கணினியை வைத்துத் தூசியை நீக்கியிருக்கிறார்கள். கணினிக்குத் தூசியும் புள்ளியும் ஒன்றுதான். மங்கலான புள்ளிகளை எல்லாம் அது துடைத்துவிட்டது. புள்ளி தெரியாத இடத்தில் தாலத் என்றே அடிக்கச் சொல்லி, அந்தப் படங்களோடு வந்த வேலைக்குறிப்பில் இருந்தது. இரண்டு பேரும் குறிப்பின்படியே செய்திருக்கிறார்கள். பன்மைக்கு மேலே போடுகிற இரட்டைப் புள்ளியும் பல இடத்தில் காணோம்.

பிள்ளைகளா, ஒப்பீட்டில் வித்தியாசம் இல்லை என்றால் இரண்டு பேரும் ஒரே மாதிரி அடித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சரியாக அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை.

மேனேஜரைக் கூப்பிட்டு, பைல் இன்றைக்குப் போகாது என்றேன்.

"கிளையன்ட் அப்ரூவ் பண்ணிட்டாங்க. எழுத்துல இருக்கு. இனிமே தப்பு இருந்தா அது அவங்க பொறுப்பு. நாம ஏன் நிறுத்தணும்?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். அச்சகத்தில் இடம் போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

"சார், இது அந்தப் பிள்ளைங்க முதல்ல எழுத்து கத்துக்கிற புக்கு. இதுல இருக்கிறதுதான் சரின்னு நம்பி வளருவாங்க. வீட்ல திருத்துறதுக்கும் ஆள் இல்ல. அப்புறம் தப்பே அவங்க மொழி ஆயிடும்."

"அச்சகத்துல வாரக் கடைசி வரைக்கும் கேட்டுப் பாக்குறேன். அதுக்கு மேல என்னால முடியாது," என்றார்.

நஹ்ரினைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது தப்பு கண்ணில் படும், புத்தகம் தள்ளிப்போகும் என்று பயந்தேன். வரும் வருடம் இந்த அறையை வேறு வகுப்புக்குக் கொடுக்கலாமா என்று சர்ச் கமிட்டியில் பேசுகிறார்கள். புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால்தான் என் பேச்சு எடுபடும்."

"உங்களிடம் தெளிவான மூலம் இருக்கிறதா?"

"உங்களுக்கு அனுப்பியதுதான் என்னிடமும் இருக்கிறது. ஆனால் பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். பெரிய பிள்ளைகளுக்கும்."

அப்படியென்றால் மூலம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அதை அங்கிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் பாடம் பாடமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாங்கள் திரையில் எழுத்தெழுத்தாகப் பின்தொடர்ந்து திருத்த வேண்டும். அங்கே பள்ளி விடுமுறை. மறுநாளே ஆரம்பிக்கலாம் என்றார் நஹ்ரின்.

மறுநாள் புயல் வந்தது.

கடலில் சுற்றிக்கொண்டிருந்ததை நாங்களும் செய்தியில் பார்த்திருந்தோம், நம் பக்கம் திரும்பும் என்று நினைக்கவில்லை. காற்று அடித்து ஓய்ந்தபோது செங்கல்பட்டில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கலைவாணியும் யுவராஜும் மற்றவர்களும் ஊருக்குத் திரும்பாமல், முதல்நாளே யூனிட்டில் தங்கிவிட்டது நல்லதாகப் போயிற்று. வாரக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

யுவராஜ் எப்படியோ ஒரு மூலையில் சிக்னல் பிடித்து மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்தும் தன் கூட்டாளியிடம் பேசினான். திரும்பி வந்து, "யக்கா, அங்க டூரிஸ்ட் ஒருத்தன் இல்ல. ஜெனரேட்டர் ஓடிக்கினு கீதாம். நெட்டு விட்டு விட்டு வருதாம். வா மச்சான்னுட்டான். வேன் சொல்லட்டா?" என்றான்.

போகலாமா என்று யோசித்தேன். புயல் அடித்த கரைக்கே கணினிகளை ஏற்றிக்கொண்டு போவது பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் காற்று கடந்துவிட்டது. இங்கே எப்போது கரண்ட் வரும் என்று யாருக்கும் தெரியாது. வருவதற்குப் பயமில்லாதவர்கள் மட்டும் வரலாம் என்றேன். எல்லோரும் வேனில் ஏறினார்கள். கணினிகளைத் தார்ப்பாய்க்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். வழியில் விழுந்துகிடந்த மரங்களை இரண்டு இடத்தில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர முடிந்தது.

லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே கடல் சேற்று நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. திரையில் சிட்னி அறை தெரிந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். வகுப்புப் பிள்ளைகளோடு அண்ணன், அக்கா, சில அப்பாக்களும் வந்திருந்தார்கள்.

முதல் பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குரல் அறுந்தது. படம் வருகிறது, சத்தம் துண்டு துண்டாக விழுகிறது. யுவராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டான். "பேஜாரா போச்சுக்கா. ரேஷா தாலத்தான்னு தெரியலன்னா இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தோம்?"

அவன் தலையில் கை வைத்ததைத் திரையில் பார்த்த ஷமீரான், ரேஷ் என்று சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் போல. அடுத்த வரியில் தலைமேல் விரலை வைத்துப் படித்தாள். தாலத் வந்ததும் மோவாய்க்குக் கீழே. நஹ்ரினுக்கு உடனே புரிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கும் சொன்னார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். பன்மைப் புள்ளிக்கு இரண்டு விரலைத் தூக்கினார்கள். சத்தம் போனால் என்ன, கை தெரிகிறதே. கலைவாணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "மேல... மேல... கீழ... ரெட்டை" என்று சொல்லிக்கொண்டே வர, யுவராஜின் விரல்கள் திருத்திக்கொண்டே போயின. குரல் திரும்பி வந்தபோது அதோடு சரிபார்த்துக்கொண்டோம்.

ஒரே ஒரு இடத்தில் நின்றோம். வீட்டுப் பொருட்கள் பாடத்தில் ஒரு சொல்லை நஹ்ரின் ஒரு மாதிரி சொன்னார். ஷமீரானின் அப்பா எழுந்து, "எங்கள் ஊரில் அப்படிச் சொல்லமாட்டோம்," என்று வேறு மாதிரி சொன்னார். ஒருவர் ஈரான் பக்கம், ஒருவர் ஈராக் பக்கம். இரண்டு பேரின் குரலும் உயர்ந்தது. நஹ்ரின் என்னைப் பார்த்து, "நேரம் போகிறது, நீங்களே ஒன்றைப் போட்டுவிடுங்கள்," என்றார்.

அது நாங்கள் செய்யக்கூடாத வேலை. அடுத்தவர் மொழியில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அப்போது கலைவாணி என் காதில் சொன்னாள். "யக்கா, நாங்க வூடுன்னுவோம். புக்குல வீடுன்னு கீது. ரெண்டும் நம்மளுதுதான?"

அதை அப்படியே நஹ்ரினுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்த அப்பாவிடம் தங்கள் மொழியில் சொன்னார். அவர் மெல்லச் சிரித்து உட்கார்ந்தார். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, 'இது எங்கள் ஊர்ச் சொல்' என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

லாட்ஜ்காரர் கேட்காமலேயே இட்லியும் டீயும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாடத்தின் கடைசிச் சொல்லைப் படித்து முடித்தபோது அங்கே பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். அந்தக் கூடத்திலிருந்தே பைல் அச்சகத்துக்குப் போனது. "வந்துவிட்டது, ஏற்றுகிறோம்" என்று பதில் வந்ததும் யுவராஜ் வெளியே ஓடி மழையில் நின்றான்.

புத்தகம் பள்ளி திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது. வெளியீட்டு விழாவை எங்களுக்கும் நேரலையில் காட்டினார்கள். செங்கல்பட்டு யூனிட்டில் அன்றைக்கு மேனேஜரும் வந்திருந்தார், எங்களோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். பின்னறையில் நடக்கவில்லை விழா. பெரிய ஹாலில் நடந்தது. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றிருந்தார்கள். கமிட்டித் தலைவரே மேடையில் வந்து, சனிக்கிழமை வகுப்புக்கு இனிமேல் இந்த ஹாலையே தருகிறோம் என்றார். வகுப்பில் சேரப் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்குப் புத்தகம் போதவில்லை என்று நஹ்ரின் சொன்னார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

கடைசியாக ஷமீரான் மேடைக்கு வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தானா என்று இருந்தது. புத்தகத்தைத் திறந்து ஒரு பாடம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் படித்தாள். ஹாலில் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார்கள். அவள் இறங்கிப் போகவில்லை. காமிரா பக்கம் திரும்பினாள். எங்களைப் பார்த்து, ஆங்கிலத்தில் இல்லை, தன் மொழியிலேயே, நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

நஹ்ரின் மொழிபெயர்க்க மைக்கை வாங்கினார். அதற்குள் கலைவாணி எழுந்து நின்று, "ஆதியா!" என்றாள்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று சிரித்துக் கைதட்டியது. இங்கே யுவராஜ் மேசையைத் தட்டினான். மேனேஜர் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு? நீ என்ன சொன்ன?"

"ரெண்டாவது புக்கு எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டுச்சு சார்," என்றாள் கலைவாணி. "இப்பவேன்னு சொன்னேன்."